நவம்பர் மழையில் ஒரேயொரு நாள்: வட வேல்ஸில் எந்த ட்ரெயில் சென்டர்?

உவர்மலை சைக்கிள்காரன்

வணக்கம். நவம்பர் நடுப்பகுதியில் மூன்று கிழமை அக்கா வீட்டில் நிற்கப் போகிறேன். வேல்ஸின் வடக்கே, ரெக்ஸம். அக்காவின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அத்தானுக்கு வேலை, நடுவில் ஒரு கல்யாணவீடு. எல்லாம் கழித்துப் பார்த்தால் எனக்கென்று ஒரு முழு நாள்தான் மிஞ்சுகிறது. அந்த நாளை ஒரு மௌன்டன் பைக் ட்ரெயில் சென்டரில், அதாவது சைக்கிள் ஓடவென்றே காட்டுக்குள் பாதை கட்டி வைத்திருக்கிற இடத்தில், கழிக்க ஆசை. திகதியை மாற்ற வழியில்லை. மழை கொட்டினாலும் போகத்தான் வேண்டும்.

நான் ஓடுவது குரொஸ் கன்ட்ரி. இங்கே திருகோணமலையில் சனிக்கிழமைகளில் விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு கன்னியா, பன்குளம் என்று காட்டுப் பாதைகளில் நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் ஓடுவேன். பெரிய மேடுகள் இங்கே இல்லை, ஆனால் மிதிக்க அலுக்காது. பாய்கிற, பறக்கிற விளையாட்டில் விருப்பமில்லை.

மழையைப் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், போன கார்த்திகையில் வெல்கம் விகாரைப் பக்கம் ஒரு பாதைக்குள் இறங்கினேன். இரவு முழுக்க மழை, விடிய வெளித்துவிட்டது. எங்கள் மண் தெரியும்தானே, கோடையில் கல்லு, மாரியில் பசை. இருநூறு மீற்றர் போகவில்லை, ரயரின் பூ தெரியவில்லை. மண்ணும் சருகும் புல்லும் சேர்ந்து போர்க்குக்குள் அடை மாதிரி இறுகி, முன் சில்லு சுற்றாமல் இழுபட்டது. இறங்கி ஒரு விராலிக் குச்சியால் கிண்டினேன். ஐம்பது மீற்றர் போனதும் திரும்ப அதே கதை. கடைசியில் பின் கியரைத் தாங்குகிற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு முறிந்து, கியர் பின் சில்லுக் கம்பிகளுக்குள் போய் மாட்டிக்கொண்டது. அனுராதபுரம் றோட்டு வரைக்கும் சைக்கிளைத் தோளில் சுமந்தேன்.

எனக்குக் கிடைக்கும் ஒரு நாளும் அப்படிப் போய்விடக் கூடாது. பார்த்து வைத்திருப்பவை மூன்று: வட வேல்ஸில் லான்டெக்லா, கோய்ட் எ பிரெனின், எல்லை தாண்டி இங்கிலாந்தில் கனொக் சேஸ். இவற்றில் ஈரத்துக்கு எது நல்லது? சைக்கிள் வாடகைக்குத்தான் எடுப்பேன்.

நிலாவெளி அண்ணர்

தம்பி, பதினொரு வருடம் லிவர்பூலில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். நீங்கள் சொன்ன மூன்று இடத்திலும் ஓடியிருக்கிறேன், அதிகம் ஓடியது லான்டெக்லாவில். உங்களுக்கு அதுதான். ரெக்ஸத்திலிருந்து அரை மணித்தியாலம்கூடப் பிடிக்காது என்பது ஒரு காரணம். முதல் காரணம் அங்கே காலுக்குக் கீழே இருக்கிற பாதை.

நாங்கள் இங்கே ஓடுகிற பாதை மாடு நடந்து, உழவு மெசின் போய், தானாக உண்டானது. அங்கே பாதையை வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, உடைத்த கல்லைப் பரப்பி இறுக்கி, தண்ணீர் ஒரு பக்கம் வழியும்படி சரிவு வைத்திருப்பார்கள். இறக்கம் நீளமாக இருந்தால் இடையிடையே ஒரு சின்ன ஏற்றம் வரும். அது ஓடுகிறவனின் சந்தோசத்துக்கு மட்டும் வைத்ததில்லை. தண்ணீர் பாதை நெடுக ஓடி அதை அரித்துவிடாமல், அந்தப் பள்ளத்தில் வைத்து வெளியே தள்ளிவிடத்தான். எங்கள் குளக்கட்டில் கிறவல் போட்டு இறுக்கிய துண்டில் மார்கழியிலும் சில்லு புதையாது, கட்டை விட்டு இறங்கினால் முழங்கால் சேறு. அந்த வித்தியாசம்தான்.

அதனால் லான்டெக்லாவில் மழை நாளில் உங்கள் ரயரில் ஒட்டப்போவது களி இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு கல்மாத் தண்ணீர். சில்லு நிற்காது. ஆனால் அது முகத்தில் அடிக்கும், பல்லில் நெறுநெறுக்கும், பிரேக்கைத் தின்னும். முன் சில்லுக்கு ஒரு சின்ன மட்கார்ட் கேட்டு வாங்கிப் போடுங்கள். கண்ணாடியும் கட்டாயம், நிறமில்லாத கண்ணாடி. காட்டுக்குள் பகலிலும் இருட்டாக இருக்கும்.

அங்கே சிவப்பு ட்ரெயில் 18 கிலோமீற்றர், நீலம் 12. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடிக்கொண்டு போகும். தொடக்கத்தில் ஒரு நீண்ட ஏற்றம், உங்களுக்குப் பிடிக்கும், இருந்து மிதிக்கலாம். முதலில் சிவப்பை ஓடுங்கள். பிறகு கடையில் ஏதாவது சூடாகக் குடித்துவிட்டு, உடம்பு இடம் கொடுத்தால் நீலம். இரண்டும் சேர்ந்தால் 30. நேரத்தை மட்டும் மறக்க வேண்டாம். நவம்பர் நடுவில் பின்னேரம் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். இங்கே ஆறு மணிவரை வெளிச்சம் பார்த்துப் பழகியவர்கள் அங்கே ஏமாறுவது அதில்தான். காலை பத்துக்கு முன்னம் சில்லு உருள வேண்டும்.

மழையை விடக் காற்றைப் பாருங்கள். 2021 நவம்பரில் ஆர்வென் என்ற புயல் அடித்து லான்டெக்லாவில் ஏராளமான மரங்களை விழுத்தியது, பாதைகள் பல காலம் மூடிக் கிடந்தன. முதல் நாள் இரவு கடும் காற்று என்றால், வெளிக்கிட முதல் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. அக்கா வீட்டைச் சுற்றி வயலுக்குள்ளால் நிறைய நடைபாதைகள் இருக்கும். ஆசையில் சைக்கிளை உள்ளே விடாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைபாதைகளில் சைக்கிளுக்கு உரிமை இல்லை, குதிரைப் பாதை போன்ற சிலவற்றில் மட்டும்தான். அந்தப் பாதைகளும் மழைக்காலத்தில் உங்கள் வெல்கம் விகாரைக் கதைதான்.

கிண்ணியாப் பிள்ளை, பேர்மிங்காம்

அண்ணா, கனொக் சேஸ் எனக்கு வீட்டுக்குப் பக்கம் என்பதால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2022 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் மௌன்டன் பைக் ஓட்டம் அங்கேதான் நடந்தது. நிலம் முழுக்க மணலும் உருண்டைக் கூழாங்கல்லும். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். ஃபொலோ த டோக், மங்கி ட்ரெயில் என்று இரண்டு சிவப்பு ட்ரெயில் தொடுத்த மாதிரி இருக்கு, சேர்த்தால் இருபது கிலோமீற்றருக்கு மேல். ஆனால் ரெக்ஸத்திலிருந்து வர ஒன்றேகால் மணித்தியாலம் போகும். ஒரு நாள்தான் இருக்கு என்றால் நானும் லான்டெக்லா என்றே சொல்வேன்.

நான் எழுத வந்தது குளிரைப் பற்றி. ஊரில் மழையில் நனைந்தால் எங்களுக்கு ஒன்றும் இல்லை, அந்த மழை இருபத்தைந்து பாகைச் சூட்டில் பெய்யும். இங்கே நவம்பரில் ஆறு, ஏழு பாகை. என் முதல் மழைக்கால ஓட்டத்தில் பருத்தி ரீசேட்டும் அதுக்கு மேல் ஒரு மழைக்கோட்டும் போட்டுப் போனேன். ஏற்றத்தில் வியர்த்து ரீசேட் உள்ளே நனைந்தது. இறக்கத்தில் காற்றுப் பட்டதும் அது ஐஸ் மாதிரி முதுகில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது மணித்தியாலத்தில் பிரேக் பிடிக்க விரலை மடக்கினேன், விரல் மடங்கவில்லை. நடுவிரல் இருக்கிற இடமே தெரியவில்லை. உள்ளங்கையை லீவர் மேல் வைத்து அமத்தித்தான் அந்த இறக்கத்தை முடித்தேன், வாய் முழுக்க துஆ.

பருத்தி வேண்டாம். உள்ளே மெல்லிய கம்பளி பனியன். கையுறை இரண்டு சோடி கொண்டு போங்கள், ஒரு சோடியைப் பொலித்தீன் பையில் சுற்றி முதுகுப்பைக்குள் வையுங்கள். பாதித் தூரத்தில் மாற்றுகிற அந்த ஒரு நிமிடம் பெரிய சுகம். சொக்ஸும் கம்பளி. இதெல்லாம் திருகோணமலையில் தேடித் திரியாதீர்கள், அக்காவிடம் சொன்னால் அங்கே வாங்கி வைப்பா.

சாம்பல்தீவு சைக்கிள் கடை

தம்பி, நான் வெளிநாடு போனதில்லை. சைக்கிள் தெரியும்.

வாடகைச் சைக்கிளைக் கையில் எடுத்ததும் பிரேக் பாட்டை, அதாவது பிரேக் தட்டை அமத்திப் பிடிக்கிற அந்தச் சின்னக் கட்டையை, கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அண்ணர் சொன்ன கல்மாத் தண்ணீர், அரைத்தேய்ந்த பாட்டை ஒரே நாளில் முடித்துவிடும். எங்கள் கடற்கரை மணலில் ஓடிவிட்டு வருகிற சைக்கிளில் தினமும் பார்க்கிறேன். ஈரத்துக்கு உலோகத்தூள் பாட்தான் நின்று பிடிக்கும். ரெசின் பாட் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் கெதியில் கரையும்.

ரயரில் காற்றை இறுக்க வேண்டாம். ரியூப் இல்லாத ரயர் என்றால், உங்கள் எடைக்கு 25 பி.எஸ்.ஐ சுற்றி வைத்தால் கல்லில் பிடி இருக்கும். நீங்கள் இங்கே 40 அடித்துத் திரிகிறீர்கள், எனக்குத் தெரியும்.

ஈர வேரும் ஈரப் பலகையும் வந்தால் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹாண்டிலைத் திருப்பாதீர்கள். வேகத்தை முன்னமே குறைத்து, நேராக, குறுக்கே கடவுங்கள்.

அந்த அலுமினியத் துண்டைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். அது முறிவதற்கென்றே மென்மையாகச் செய்தது. அது முறியாவிட்டால் பிரேமே வளைந்திருக்கும். உங்கள் அளவில் இரண்டு வந்திருக்கிறது, ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

மூதூர் மலையேறி

எல்லோரும் லான்டெக்லா என்கிறீர்கள். கோய்ட் எ பிரெனினுக்காக ஒருவராவது பேச வேண்டும். பிரித்தானியாவில் மௌன்டன் பைக்குக்கென்றே பாதை கட்டத் தொடங்கியது 1990களில் அந்தக் காட்டில்தான். பெயருக்கு ‘அரசனின் காடு’ என்று பொருள், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்காக 1935இல் வைத்தது. பாதை முழுக்கக் கல், கருங்கல்லைக் கையால் அடுக்கிய துண்டுகள்கூட உண்டு. மழை அந்தப் பாதையை ஒன்றும் செய்யாது. டார்வ் என்ற ட்ரெயில் ஏறக்குறைய 20 கிலோமீற்றர், டிராகன்ஸ் பாக் 31. குரொஸ் கன்ட்ரி ஓடுகிறவர் தேடுகிற நீளம் அங்கேதான் இருக்கிறது. ஒரே பாதையில் 31 கிலோமீற்றர் போவதும், இரண்டு தரம் ஒரே ஏற்றத்தில் ஏறி 30 ஆக்குவதும் ஒன்றா?

ஆனால் கல் முரடு, கை நோகும். ரெக்ஸத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம். 2025 மார்ச்சோடு அங்கே சாப்பாட்டுக் கடையையும் மூடிவிட்டார்கள், பாதைகள் திறந்தபடி இருக்கின்றன. சாப்பாடும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

உவர்மலை சைக்கிள்காரன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூதூர் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு ஒரு இரவு முழுக்க யோசித்தேன், 31 கிலோமீற்றர் அப்படி இழுத்தது. ஆனால் போகவர மூன்று மணித்தியாலம், நாலேகாலுக்கு இருட்டு. அத்தானின் காரை அவ்வளவு நேரம் கேட்கவும் மனமில்லை. லான்டெக்லா என்று முடிவெடுத்துவிட்டேன். சிவப்பு முதலில், நீலம் உடம்பைப் பார்த்து.

அக்காவோடு நேற்று கதைத்தேன். கம்பளிப் பனியன், கையுறை இரண்டு சோடி, சொக்ஸ் எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டா. வாடகைச் சைக்கிளை இந்தக் கிழமையே பதிவு செய்கிறேன், பாட் எந்த வகை என்றும் கேட்டு எழுதுவேன். சாம்பல்தீவு அண்ணா, நாளை பின்னேரம் கடைக்கு வருகிறேன், அந்தத் துண்டை எடுக்க. 40 அடித்தது உண்மைதான். நாளைக்கே குறைத்து, கன்னியா வரைக்கும் ஒருதரம் ஓடிப் பார்க்கிறேன்.