துபாய்க்குக் குடிபெயரும் தம்பதியர்: வரியும் வீட்டுச் செலவும்

கேள்வி (கீழக்கரை)

அஸ்ஸலாமு அலைக்கும். என் கணவருக்குத் துபாயில் வேலை உறுதியாகியுள்ளது. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ புறப்பட வேண்டும். நானும் உடன் செல்கிறேன். அங்கே வேலைக்குப் போகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. கீழக்கரையில் என் பெயரிலுள்ள வீட்டை வாடகைக்கு விடுகிறோம். பெரியபட்டினத்தில் உம்மா வழியில் வந்த தென்னந்தோப்பும் உண்டு. துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வரி வருமா? அங்கே வீடு பிடிக்க என் சேமிப்பையும் போட இருக்கிறோம். பிறகு அவர் அனுப்பும் பணத்தை என் பெயரில் வைப்புநிதியாகப் போட்டால் அது யார் கணக்கு?

பதில் 1 (ராமநாதபுரம், வரிக் கணக்கு எழுதுபவர்)

வ அலைக்கும் ஸலாம், சகோதரி. பயணத் தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன், ஏப்ரல் 1-இல் தொடங்கும் ஆண்டில் இந்தியாவில் 182 நாள்களுக்குக் குறைவாக இருந்தால், அந்த ஆண்டுக்கு அவர் வெளிநாடு வாழ்பவராகக் கொள்ளப்படுவார். புறப்படும் நாளையும் சேர்த்தால் செப்டம்பர் 28-உடன் 181 நாள்கள் ஆகின்றன. அதற்குள் புறப்பட்டு, மார்ச் முடியும்வரை விடுப்பில் ஊர் திரும்பாமல், சம்பளத்தை முதலில் துபாய் வங்கியிலேயே வாங்கினால் இங்கே வரி இல்லை. அக்டோபரில் சென்றாலோ, அந்தச் சம்பளமும் இந்தியக் கணக்கில் சேரும்; அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லாததால், அங்கே கட்டியதை இங்கே கழிக்கவும் வழியில்லை. கடவுச்சீட்டில் விழும் முத்திரைத் தேதிதான் சான்று என்பதால், நள்ளிரவு விமானமாக இருந்தால் கவனம் தேவை.

நீங்கள் வேலைக்காகச் செல்லவில்லை. ஆகவே 182 நாள் சலுகை உங்களுக்குப் பொருந்தாது, இந்த ஆண்டு இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவீர்கள். இதில் உங்களுக்கு நட்டமில்லை. புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி உள்நாட்டில் வசிப்பவருக்கு மட்டுமே உரியது. வெளிநாடு வாழ்பவரானபின் 4 லட்சம் வரைதான் வரியில்லை. தோப்பு வருமானத்துக்கு இரு நிலையிலும் வரி கிடையாது. தோப்பை வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளிநாட்டில் குடியேறியபின் புதிதாக விவசாய நிலம் வாங்க இயலாது.

பதில் 2 (துபாய், சொந்த ஊர் தொண்டி)

இங்கே ஓராண்டு வாடகையைச் சில காசோலைகளாகப் பிரித்து, வரும் மாதங்களின் தேதியிட்டு மொத்தமாக வாங்கிக்கொள்வது பரவலான வழக்கம். முதல் காசோலையோடு ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தை ஒட்டி முன்பணமும் கேட்பார்கள். ஆண்டு வாடகையில் இன்னொரு 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக மாதந்தோறும் மின்சார, தண்ணீர்ப் பட்டியலில் ஏறி வரும்; புதிதாக வரும் சபுராளிகள் (பிழைப்புக்காக வெளிநாடு வருபவர்கள்) இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். உங்கள் சேமிப்பை ஊரிலிருந்தே அனுப்புவதானால், ஓராண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி முன்கூட்டியே வரி பிடிக்கும். பின்னர் வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம்.

பதில் 3 (ஏர்வாடி)

மனைவி பெயரில் போட்டால் வரியில்லை என்று நம் பக்கத்தில் பலர் உறுதியாகச் சொல்வார்கள், பாதிதான் சரி. கணவர் தரும் பணத்துக்கு உங்களிடம் வரி கேட்க மாட்டார்கள், ஆனால் அந்தப் பணத்தைப் போட்டு வரும் வட்டி அவருடைய வருமானத்தோடு சேர்க்கப்படும். அதை என்ஆர்ஈ கணக்கில் (வெளிநாடு வாழ் இந்தியர் அங்கே ஈட்டிய பணத்தைப் போடும் கணக்கு) போட்டால் வட்டிக்கே வரியில்லாததால் இந்தச் சிக்கல் எழாது. வாடகை பொதுவாக என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாடு வாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்கு) வரும். நீங்கள் வெளிநாடு வாழ்பவரானதும், குடியிருப்பவர் வாடகையில் 30 சதவீதத்துக்குச் சற்று மேல் வரி பிடித்துக் கட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.