ஆறு வார ஸ்பிரிண்ட்டா? யாருக்கு இந்தக் கதை?

பாயான்லெப்பாஸ்:
நேற்று கிள்ளான்நதி அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. விற்பனை பில்களை மலேசிய வருமான வரி வாரியத்துக்கு மின்னணு முறையில் அனுப்பும் இ-இன்வாய்ஸ் மென்பொருளைக் கட்டுவது பற்றி அவர் எழுதியது இதுதான்: "இ-இன்வாய்ஸ் வேலைக்குக் கலப்பு முறைதான் சரி. பட்ஜெட், கெடு, தேவைப் பட்டியல் மூன்றையும் வாட்டர்ஃபால் முறையில் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நடுவில் அஜைல். ஆறு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், ஒவ்வொன்றின் முடிவிலும் கமிட்டி கையெழுத்து."

எல்லாவற்றையும் முதலிலேயே திட்டமிட்டு வரிசையாகச் செய்யும் வாட்டர்ஃபாலையும், சிறு சிறு துண்டாகச் செய்து காட்டித் திருத்திக்கொள்ளும் அஜைலையும் கலப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆறு வாரம் எங்கிருந்து வந்தது? அஜைல் குழுக்கள் பின்பற்றும் ஸ்க்ரம் முறையின் வழிகாட்டியில் ஒரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு வேலைச் சுற்று, ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. ஆறு வாரம் யாரிடமும் காட்டாமல் வேலை செய்துவிட்டு, அப்புறம் கையெழுத்துக்கு நிற்பது பழைய வாட்டர்ஃபாலேதான்.

கிள்ளான்நதி:
தம்பி, எங்கள் வாடிக்கையாளரின் ஆண்டு விற்பனை 25 மில்லியன் மலேசிய வெள்ளிக்கு மேல். 2025 ஜனவரி 1 என்பது அந்த அளவு நிறுவனங்கள் இ-இன்வாய்ஸைத் தொடங்க வருமான வரி வாரியம் வைத்த தேதி. அதை உங்கள் ஸ்க்ரம் குழு நின்றுகொண்டே கூட்டம் போட்டு நகர்த்துமா? தேதி நகராது, சட்டம் நகராது. அதனால் அவை தேதிவாரியாகத் திட்டம் காட்டும் கான்ட் சார்ட்டில் இருக்கின்றன. திரை எப்படி இருக்க வேண்டும், எதை முதலில் செய்வது என்பதெல்லாம் மாறலாம், அதனால் அவை ஸ்பிரிண்ட்டில் இருக்கின்றன. இதுதான் கலப்பு.

ஆறு வாரம் பற்றி: 2001-இல் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையின் கொள்கைகளில் வேலை செய்யும் மென்பொருளைக் கொடுக்கும் இடைவெளி ஓரிரு வாரம் முதல் ஓரிரு மாதம் வரை என்றுதான் இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

பாயான்லெப்பாஸ்:
படித்துவிட்டுத்தான் வந்தேன். அதே வரியில் குறுகிய காலமே மேல் என்றும் இருக்கிறது. அந்தப் பாதியை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இ-இன்வாய்ஸை வாரியம் உறுதி செய்த பிறகு ரத்து செய்ய 72 மணி நேரம்தான். அது தாண்டினால் பழைய பில் தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட் போட வேண்டும். ஒரு குழு ஆறு வாரம் உட்கார்ந்து அழகான ரத்துப் பொத்தான் செய்தது. எந்த நாளில் அழுத்தினாலும் வேலை செய்யும் மாதிரி. கமிட்டியும் கையெழுத்துப் போட்டது. அப்புறம்தான் கடையில் பில் போடும் பெண் பார்த்துவிட்டுக் கேட்டது, "சனிக்கிழமை வாங்கினவர் அடுத்த வெள்ளிக்கிழமை திருப்பிக் கொண்டுவந்தால் நான் என்ன செய்வது?" கிரெடிட் நோட்டுக்குத் திரையே இல்லை. இரண்டு வாரத்தில் காட்டியிருந்தால் இரண்டு வாரத்திலேயே தெரிந்திருக்கும். ஆறு வாரம் என்றால் தப்பு ஆறு வாரம் வளரும்.

கிள்ளான்நதி:
72 மணி நேரம் என்பது வாரியத்தின் வழிகாட்டியிலேயே இருக்கிற விதி. தேவைப் பட்டியலை ஒழுங்காக எழுதியிருந்தால் முதல் நாளே வந்திருக்கும். உங்கள் கதை என் கட்சிக்குத்தான் சாட்சி. முன்கூட்டியே எழுதாமல் குதித்ததால் வந்த வினை அது.

பாயான்லெப்பாஸ்:
எழுதியிருந்தார்கள் அண்ணே. பட்டியலில் அந்த வரி இருந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் படிக்கவில்லை. ஆறு வாரம் கழித்துப் பொத்தானை அழுத்தியவர் பில் போடுகிறவர் மட்டும்தான்.

பிறை_தளம்:
ரெண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். நான் கட்டுமானத்தில் இருக்கிறேன். கான்கிரீட்டின் வலிமை பார்க்கும் கியூப் சோதனைக்கு 28 நாள். இரண்டு வாரத்தில் 7 நாள் முடிவு மட்டும் கையில் இருக்கும். எல்லாரும் மென்பொருளை வைத்தே பேசுகிறீர்கள். அடித்தளத்துக்குப் பைலிங் போட்டபின் "அடுத்த ஸ்பிரிண்ட்டில் இடம் மாற்றலாம்" என்று யார் வந்து சொல்லப் போகிறார்?

கிள்ளான்நதி:
ஐயா சரியாகச் சொன்னீர்கள். கட்டுமானத்தில் லாஸ்ட் பிளானர் என்ற திட்டமிடல் முறையில் ஆறு வார முன்னோட்டத் திட்டம் உண்டுதானே? ஆறு வாரம். கவனிக்கவும், பாயான்லெப்பாஸ்.

பிறை_தளம்:
உண்டு. ஆனால் ஆறு வாரம் என்பது தடைகளை முன்னாலேயே பார்த்து நீக்க. கம்பி வந்ததா, வரைபடம் ஒப்புதல் ஆனதா என்று. வேலை முடிப்பேன் என்று ஃபோர்மன் வாக்குக் கொடுப்பது வாரா வாரம். முடிந்ததா இல்லையா என்று கணக்குப் பார்ப்பதும் வாரா வாரம்.

பாயான்லெப்பாஸ்:
கேட்டீர்களா? வாரா வாரம்! ஆறு வாரம் பார்ப்பதற்கு, ஒரு வாரம் செய்வதற்கு. கட்டடம் கட்டுகிறவரே வாரத்துக்கு ஒரு தடவை கணக்குக் கொடுக்கிறார். மென்பொருள் எழுதுகிறவருக்கு ஆறு வாரம் வேண்டுமாம்.

கிள்ளான்நதி:
உங்களைப் போல் பினாங்கில் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து சொந்த முதலாளிக்கு எழுதுகிறவர்களுக்கு இது புரியாது. கோலாலம்பூரில் வெளி வாடிக்கையாளர், வெளி ஆடிட்டர், கட்டம் கட்டமாகப் பணம். கையெழுத்து இல்லாமல் பில் பாஸ் ஆகாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கமிட்டியைக் கூட்டிப் பாருங்கள், டத்தோ பட்டம் வாங்கிய பெரியவர் ஒருவரும் வரமாட்டார்.

நான் திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி சான்றிதழ் வாங்கியவன். ஏதோ யூடியூப் பார்த்துவிட்டு எழுதவில்லை.

பாயான்லெப்பாஸ்:
2021 ஜனவரிக்கு முன் தேர்வு எழுதினீர்களா, பின்னா? அதற்குப் பின்தான் தேர்வில் ஏறக்குறைய பாதி அஜைலும் கலப்பும். முன் எழுதியிருந்தால் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரிலேயே மாட்டி வையுங்கள், இங்கே கொண்டுவர வேண்டாம்.

பினாங்கைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு ஆறு வாரத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

செந்தூல்_கவி:
நான் டெஸ்டிங் செய்கிறவள். ஆறு வாரம் என்றால் ஐந்தரை வாரம் புரோகிராமர் கையில், மூன்று நாள் என் கையில். அது எனக்குப் பழக்கம். ஆனால் பாயான்லெப்பாஸ் அண்ணனின் இரண்டு வாரத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? ரெண்டாவது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் சோதிக்க வேண்டிய பில்ட் வரும், திங்கட்கிழமை டெமோ. சனி ஞாயிறு யாருடையது?

பாயான்லெப்பாஸ்:
அது குழுவின் ஒழுக்கம் பற்றியது சகோதரி, காலத்தைப் பற்றியது இல்லை. எங்கள் குழுவில் புதன்கிழமைக்கு மேல் புதுக் கோட் உள்ளே வராது.

செந்தூல்_கவி:
எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வேலைகளை அட்டையாக ஒட்டி நகர்த்தும் கான்பான் பலகை பற்றி முன்பு நடந்த விவாதத்திலும் "எங்கள் குழுவில்" என்றே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னீர்கள். அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கிள்ளான்நதி:
நன்றாகக் கேளம்மா. பேஸ்கேம்ப் மென்பொருளைச் செய்யும் நிறுவனமே ஆறு வாரச் சுழற்சியில்தான் வேலை செய்கிறது. அவர்களுக்கும் தெரியாதா?

பாயான்லெப்பாஸ்:
அவர்கள் ஆறு வாரம் முடிந்ததும் இரண்டு வாரம் மூச்சு விட்டுக்கொள்கிறார்கள். அந்தக் குழுவுக்கு நடுவில் யாரும் குறுக்கே வருவதும் இல்லை. நீங்கள் அந்த இரண்டு வாரத்தை எடுத்துவிட்டீர்கள், கமிட்டியைச் சேர்த்துவிட்டீர்கள். 2018-ஐ மறந்துவிட்டீர்களா? மே மாதம் தேர்தல், ஜூன் 1-ஆம் தேதி பொருள் சேவை வரியான ஜிஎஸ்டி பூஜ்ய விழுக்காடு, செப்டம்பர் 1-இல் அதற்குப் பதில் விற்பனை சேவை வரியான எஸ்எஸ்டி. அன்று ஆறு வாரம் கழித்துக் கையெழுத்து என்று உட்கார்ந்திருந்தால் கடைக்காரர் என்ன பில் போட்டிருப்பார்?

கிள்ளான்நதி:
விகிதத்தை ஆறிலிருந்து பூஜ்யமாக மாற்றுவதும் புது அமைப்பு ஒன்றைக் கட்டுவதும் ஒன்றா? வாரியமே இ-இன்வாய்ஸில் ஆறு மாதச் சலுகைக் காலம் கொடுத்தது. அரசாங்கமே தேதியைக் கெட்டியாக வைத்து, உள்ளே இளக்கம் கொடுக்கிறது. நான் சொன்னதும் அதேதான்.

பாயான்லெப்பாஸ்:
வாரியம் கொடுத்தது சரி. அந்த ஆறு மாதத்தில் நீங்கள் எத்தனை முறை பில் போடுகிறவரிடம் காட்டினீர்கள்? நாலு முறையா?

பிறை_தளம்:
கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். தாமதமானால் உங்கள் தொழிலில் நாள் கணக்கில் எல்ஏடி என்று தாமத நஷ்டஈடு பிடிப்பார்களா? எங்களுக்கு ஒவ்வொரு நாளும் பிடிப்பார்கள். கால நீட்டிப்பு கேட்டால் மழைக் கணக்குக் காட்டு என்பார்கள்.

கிள்ளான்நதி:
பிடிப்பார்கள் ஐயா, அதனால்தான் கையெழுத்து. இவருக்கு அது புரிந்தால் போதும்.

பாயான்லெப்பாஸ்:
கையெழுத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. ஆறு வாரத்தைக் கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

செந்தூல்_கவி:
என் கான்பான் கேள்விக்கும்தான்.