லீவுல என்ன படம் பாத்தீங்க? (எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து)

அத்தை: பிள்ளைங்களுக்கு நாளைக்கு ஸ்கூல் திறக்குது. லீவுல யார் யார் என்ன படம் பாத்தீங்கன்னு எழுதுங்க. பேரை மட்டும் போட்டுட்டு ஓடக்கூடாது, எப்படி இருந்துச்சுன்னும் சொல்லணும்

அக்கா: எங்க வீட்ல முதல்ல குரங்கு பெடல். கதையே லீவுலதான் நடக்குது, அதனால ரெண்டு பேரும் டக்குனு ஒட்டிக்கிட்டாங்க

சித்தப்பா: நல்ல தேர்வும்மா. ராசி அழகப்பனோட சிறுகதைல இருந்து எடுத்தது, 2024ல வந்துச்சு. அப்பாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, பையன் வாடகை சைக்கிள் எடுத்துக் கத்துக்கத் துடிக்கிறான். இவ்ளோதான் விஷயம். காளி வெங்கட் அந்த அப்பாவா அப்படியே வாழ்ந்துட்டார்

அத்தை பொண்ணு: எனக்கு நடுவுல கொஞ்சம் இழுத்துச்சு மாமா. கடைசி அரைமணி நேரம் பிடிச்சுது

நான்: எனக்கு அந்த இழுவைதான் பிடிச்சுது. லீவு நாள் அப்படித்தானே போகும்

அத்தை: நீ என்ன பாத்தே, அதைச் சொல்லு கண்ணு

அத்தை பொண்ணு: இன்சைட் அவுட் 2. ரெண்டு தடவை பாத்தேன். ரைலின்னு ஒரு பொண்ணு, அவ மனசுக்குள்ள இருக்குற உணர்ச்சிங்கதான் பாத்திரங்கள். அவளுக்கு இப்ப 13 வயசு. ஆரஞ்சு கலர்ல ஆங்சைட்டின்னு (பதட்டம்) ஒண்ணு வந்து மொத்த கன்ட்ரோலையும் பிடிச்சுக்கும். ஒரு கட்டத்துல அது சூறாவளி மாதிரி சுத்தும், ஆனா நடுவுல அப்படியே உறைஞ்சு நிக்கும், கண்ல தண்ணி. பரீட்சைக்கு முந்தின ராத்திரி எனக்கு உள்ள அப்படித்தான் இருக்கும்

அத்தை: இதை நீ அம்மாகிட்ட சொன்னதே இல்லையே

அத்தை பொண்ணு: எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. அந்த சீனைப் பாத்த பிறகுதான் சொல்ல வருது

அத்தை: நானும் பாக்குறேன். ராத்திரி போடு, சேர்ந்து உக்காரலாம்

சித்தப்பா: 👏👏

அக்கா: அடுத்தது சில்ட்ரன் ஆஃப் ஹெவன். ஈரான் படம், 1997. தம்பி சொல்லித்தான் போட்டேன். சின்னவளுக்குப் படிக்க வராதில்ல, சப்டைட்டிலை நானே தமிழ்ல சொல்லிட்டே இருந்தேன். பாதிக்கு மேல அவளே "பேசாதம்மா, புரியுது"ன்னுட்டா

அத்தை: அது அழுக வைக்கிற படமாச்சே. லீவுல பிள்ளைங்க சிரிச்சு விளையாடட்டும்னு விடாம அதை எதுக்குப் போட்டீங்க?

நான்: அத்தை, அதுல ஓட்டமும் இருக்கு, ஒளிஞ்சு விளையாட்டும் இருக்கு. தங்கச்சி ஷூ தொலைஞ்சுடுது, அதனால அண்ணனும் தங்கச்சியும் ஒரே ஜோடி ஷூவை மாத்தி மாத்திப் போட்டுப் பள்ளிக்கூடம் போறாங்க. அவளுக்குக் காலைல, அவனுக்கு மதியம். சந்துல ஓடி வந்து மாத்திக்கிறதைப் பாத்துப் பிள்ளைங்க கத்தியிருப்பாங்களே?

அக்கா: "சீக்கிரம் வா சீக்கிரம் வா"ன்னு டிவிகிட்டயே போய் நின்னுட்டாங்க! ஆனா பெரியவனுக்கு ஒரு இடத்துல கோவம் வந்துடுச்சு. இருங்க, அவனே எழுதுறானாம்

அக்கா: நான் பெரியவன். தொலைஞ்சுபோன ஷூவை, அதான் தங்கச்சி சாராவோட ஷூவை, வேற ஒரு பொண்ணு போட்டிருக்கா. ரெண்டு பேரும் அவ வீடு வரைக்கும் போறாங்க. ஆனா கேக்காம திரும்பி வந்துட்டாங்க. அது சாராவோட ஷூதானே? ஏன் கேக்கல?

சித்தப்பா: அந்தப் பொண்ணோட அப்பாவைப் பாத்தியா கண்ணா?

அக்கா: பாத்தேன். அவருக்குக் கண்ணு தெரியாது

சித்தப்பா: ம்

அக்கா: (இப்ப நான்.) போனை வச்சுட்டு யோசிக்கிறான் சித்தப்பா

சித்தப்பா: இயக்குநர் மஜித் மஜிதி அந்த இடத்துல ஒரு வசனம்கூட வைக்கல. ரெண்டு பிள்ளைங்களும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குறாங்க, திரும்பிடுறாங்க. ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போன முதல் ஈரான் படம் அது. அந்த ஒரு நிமிஷத்துக்கே தகும்

அத்தை: நீ சொல்றது சரி தம்பி. ஆனா எல்லாப் பிள்ளைக்கும் பக்கத்துல ஆள் இருக்கறதில்ல. படத்தைப் போட்டுட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிடுறோம். தனியா உக்காந்து கஷ்டப்படுற பிள்ளையை நினைச்சுதான் சொல்றேன்

சித்தப்பா: அதை ஒத்துக்குறேன் அக்கா. கூட உக்காரணும்

அத்தை பொண்ணு: அப்ப வாழை காட்டலாமா கூடாதா? எனக்கு இந்த வருஷம் பாத்ததுலயே அதுதான் பெரிய படம். நமக்கு லீவுன்னா ஓய்வு. அந்தப் பையனுக்கு லீவு விட்டாலே வாழைத்தார் சுமக்கணும்னு பயம். ஸ்கூல் நாள்னா சந்தோஷமா ஓடுறான்! அதுவே என்னைக் குத்திடுச்சு

அக்கா: ரஜினி, கமல்னு நண்பனோட சண்டை போடுறதெல்லாம் என் பிள்ளைங்க ரசிப்பாங்க. முடிவுதான் கனம். அவனுக்குப் பத்து வயசு, இன்னும் மூணு வருஷம் போகட்டும்

நான்: எனக்கும் அப்படித்தான் தோணுது. மாரி செல்வராஜ் தன் சின்ன வயசு வாழ்க்கையிலிருந்து எடுத்தது. அதைப் பாதியில நிறுத்திக் காட்டுறது சரியில்ல. முழுசாப் பாக்குற வயசு வரட்டும்

சித்தப்பா: நான் இப்பவே காட்டுவேன். மருமகளே, காக்கா முட்டையை உனக்குக் காட்டினப்ப மட்டும் என்ன வயசு? பீட்சா கேக்குற பசங்களைக் கடைக்காரன் அடிச்சதும் நீ முகத்தைத் திருப்பிக்கிட்டே, ஆனா எழுந்து போகல

அக்கா: அது வேற சித்தப்பா. அதுல அடிக்கு அப்புறமும் சிரிப்பு இருக்கு. வாழை முடியும்போது பிள்ளை கைல ஒண்ணும் இல்ல

சித்தப்பா: சரிம்மா. அம்மா நீ, உனக்குத் தெரியும்

அத்தை: சின்னவளுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு சொல்லுங்கப்பா. அழுகை வேண்டாம்

அத்தை பொண்ணு: மை நெய்பர் டொட்டோரோ!! வில்லனே கிடையாது. டொட்டோரோன்னா குண்டா, புசுபுசுன்னு ஒரு காட்டுப் பூதம், மழைல பஸ் ஸ்டாப்ல அது குடை பிடிச்சு நிக்குறதை எத்தனை தடவை வேணாலும் பாப்பேன்

சித்தப்பா: ஜப்பான் இயக்குநர் மியாசாகியோட கார்ட்டூன் படம், 1988. அன்னைக்கு ஜப்பான்ல இதையும் கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸையும் ஒரே டிக்கெட்டுல சேர்த்துத் திரையிட்டாங்க. ஒண்ணு பிள்ளைங்களைத் தாலாட்டும், இன்னொண்ணு போர்ல அனாதையான அண்ணன் தங்கச்சி கதை. ரெண்டாவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் அக்கா, பயப்படாதீங்க

அக்கா: டொட்டோரோ ஞாயித்துக்கிழமை போடுறோம்

அக்கா: பெரியவன் கேக்குறான்: தாத்தா, அதுல யாராவது அழுவாங்களா?

சித்தப்பா: மேன்னு ஒரு குட்டிப் பொண்ணு. அவ அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க. கொஞ்ச நேரம் அழுவா

அக்கா: "சரி, பரவால்ல, தங்கச்சி பக்கத்துல நான் உக்காந்துக்குறேன்"னு எழுதச் சொல்றான்

அத்தை: ❤️ அப்ப எனக்கும் ஒரு இடம் போட்டு வைங்க, வீடியோ கால்ல வரேன்