2-ஆ பெற்றோர் குழு: வருகைச் சீட்டு வந்த வாரம்

வியாழக்கிழமை

வகுப்பு டீச்சர் (மாலை 4:32): வணக்கம். இன்று பிள்ளைகளின் பையில் வருகைச் சீட்டு வைத்திருக்கிறேன். இதுவரை 60 வேலை நாட்கள் முடிந்திருக்கின்றன. வராத தேதிகள் பின்பக்கம் இருக்கின்றன. பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தனிப்பட்ட கேள்வி இருந்தால் எனக்கு மட்டும் எழுதுங்கள். ஒரு பிள்ளையின் கணக்கைக் குழுவில் பேச வேண்டாம்.

கவின் அம்மா (6:05): கவினுக்கு 90 சதவீதம்! வருகையிலாவது தொண்ணூறு வாங்கினானே 😄

நிலா அப்பா (6:07): வாழ்த்துகள் அக்கா. நிலா 88. பரவாயில்லை, ஃபர்ஸ்ட் கிளாஸ்தான்.

யாழினி தாத்தா (6:15): குழுவில் பேச வேண்டாம் என்று டீச்சர் சொல்லி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சரி, சொன்னதுதான் சொன்னீர்கள், ஒரு கணக்குப் போடுவோம். வாரத்துக்கு ஐந்து நாள் பள்ளி. பத்து நாளில் ஒரு நாள் போகாவிட்டால் தொண்ணூறு. அதாவது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஒரு நாள் மட்டம். நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி லீவு போட்டிருந்தால் மேலாளர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருப்பார்.

கவின் அம்மா (6:18): ஐயா, நான் மார்க் மாதிரி பார்த்துவிட்டேன்.

யாழினி தாத்தா (6:20): எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். வருடத்துக்கு 200 நாள் என்று வையுங்கள். இதே வேகத்தில் போனால் 20 நாள். நான்கு வாரப் பள்ளி.

நிலா அப்பா (6:21): நான்கு வாரமா! மாதம் இரண்டு நாள் என்று நினைக்கும்போது பெரிதாகத் தெரியவில்லை.

வகுப்பு டீச்சர் (7:10): பேச்சு நல்ல வழியில் போவதால் நானும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பத்தில் ஒரு நாள் வராத பிள்ளை என்றாலே தனிக் கவனம் வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சல், சொல்லிவிட்டு எடுத்த லீவு எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. குற்றம் சொல்வதற்காக இல்லை. எந்தக் காரணத்துக்கு வராவிட்டாலும் அன்றைய பாடம் போனது போனதுதானே.

சீட்டு அனுப்பும் யோசனையும் என்னுடையது இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் 28,000-க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. தங்கள் பிள்ளை எத்தனை நாள் போகவில்லை என்பதைப் பெற்றோர் குறைத்தே நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான எண்ணிக்கையைக் கடிதத்தில் எழுதி அனுப்பியதுமே, அதிகமாக மட்டம் போடும் பிள்ளைகளின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்கு குறைந்தது. திட்டவும் இல்லை, அபராதமும் இல்லை. வெறும் கடிதம்.

நிலா அப்பா (7:16): எங்கள் வீட்டில் எல்லாம் சளிதான் டீச்சர். மூக்கு ஒழுகினாலே அவள் அம்மா அனுப்பமாட்டாள். மற்ற பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமே?

ரியாஸ் அம்மா (7:24): இப்போதுதான் டியூட்டி முடிந்தது. எங்கள் வார்டில் தினமும் கேட்கிற கேள்வி இது. காய்ச்சல் இல்லாமல் லேசான சளி, பிள்ளை ஓடி விளையாடுகிறாள் என்றால் அனுப்பலாம். கைக்குட்டை கொடுங்கள், கை கழுவச் சொல்லுங்கள். காய்ச்சல் என்றால் வீட்டில்தான். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்புங்கள். மருந்தைக் கொடுத்துச் சூட்டைக் குறைத்து அனுப்புவது மட்டும் வேண்டாம், பத்து மணிக்கு மறுபடி ஏறும். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் ஆகட்டும். பேன் இருந்தால்கூட லீவு தேவையில்லை, அன்று மாலையே மருந்து போட்டால் போதும்.

நிலா அப்பா (7:26): பேனுக்கு லீவு போட்டது உண்டு. சென்ற மாதம். மூன்று நாள்.

ரியாஸ் அம்மா (7:26): 🤦

ஜெனி அம்மா (9:48): இப்போதுதான் எல்லாம் படித்தேன். ஜெனி ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. ஆனால் சீட்டில் ‘தாமதம்’ என்று 31 முறை இருக்கிறது. எனக்கு இரவு வேலை, வீடு வந்து சேரவே நேரமாகிவிடுகிறது. அவள் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருப்பாள். பதினைந்து நிமிடம்தானே என்று விட்டுவிட்டேன்.

யாழினி தாத்தா (9:55): அந்தப் பதினைந்து நிமிடத்தையும் 200 நாளுக்குப் பெருக்கினால் 50 மணி நேரம் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. உங்கள் வீட்டைத் தாண்டித்தான் யாழினியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நாளையிலிருந்து ஜெனியையும் கூட்டிப்போகிறேன். பள்ளிக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள், யார் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஜெனி அம்மா (9:57): ஐயா, உங்களுக்குச் சிரமம்…

யாழினி தாத்தா (9:58): என்ன சிரமம். எப்படியும் நடக்கச் சொல்லித்தான் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கவின் அம்மா (10:20): தூக்கம் வரவில்லை. சீட்டின் பின்பக்கத்தை இப்போதுதான் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கவின் ஆறு நாள் போகவில்லை. அதில் ஐந்து திங்கட்கிழமை.

ரியாஸ் அம்மா (10:22): என்ன காரணம் சொல்வான்?

கவின் அம்மா (10:24): வயிற்றுவலி. ஞாயிறு ராத்திரியே முகம் வாடிவிடும். டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார். மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். நடிக்கிறான் என்று அவன் அப்பாவுக்குக் கோபம்.

ரியாஸ் அம்மா (10:27): நடிப்பு என்று முடிவுகட்டாதீர்கள். பயத்தில் வருகிற வயிற்றுவலியும் வலிதான், அவனுக்கு உண்மையாகவே வலிக்கும். திங்கட்கிழமை வகுப்பில் என்ன நடக்கிறது என்று டீச்சரிடம் கேளுங்கள். அவனிடமும் கேளுங்கள், ஆனால் திங்கள் காலையில் கேட்காதீர்கள். சனிக்கிழமை விளையாடிக்கொண்டிருக்கும்போது கேளுங்கள்.

வகுப்பு டீச்சர் (10:31): கவின் அம்மா, நாளை மூன்றரைக்கு வாருங்கள். அவனும் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை

யாழினி தாத்தா (காலை 8:40): இருவரையும் விட்டுவிட்டேன். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. வழி முழுக்க ஜெனி பேசினாள், யாழினி கேட்டாள். எங்கள் வீட்டில் இது அதிசயம்.

நிலா அப்பா (8:52): ஒரு யோசனை. ஒரு நாள்கூட மட்டம் போடாத பிள்ளைக்கு மாதாமாதம் பரிசு கொடுத்தால் என்ன? செலவு நான் பார்த்துக்கொள்கிறேன்.

வகுப்பு டீச்சர் (மாலை 4:20): நல்ல மனசோடு சொல்கிறீர்கள், ஆனால் வேண்டாம் சார். காய்ச்சலோடு பிள்ளைகள் வந்து நிற்பார்கள். ஆஸ்துமா இருக்கிற குழந்தைக்கு அந்தப் பரிசு எப்போதும் கிடைக்காது. அதற்குப் பதிலாக, ஒரு பிள்ளை லீவு முடிந்து வரும்போது ‘உன்னைத் தேடினோம்’ என்று பக்கத்துப் பிள்ளையைச் சொல்லச் சொல்கிறேன். செலவே இல்லை.

யாழினி தாத்தா (4:31): 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவிலும் ஒழுங்கான வருகையை ‘ஊக்குவிக்க’ நடவடிக்கை எடுங்கள் என்றுதான் இருக்கிறது. அதுவும் அரசாங்கங்களுக்குச் சொன்னது. ஏழு வயதுப் பிள்ளையை அதட்டச் சொல்லி எங்கும் இல்லை.

நிலா அப்பா (4:32): ஐயா சட்டப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

கவின் அம்மா (5:40): போய்விட்டு வந்தேன். நேற்று இங்கேதான் புலம்பினேன், அதனால் முடிவையும் இங்கேயே சொல்கிறேன். டீச்சரிடமும் கவினிடமும் கேட்டுவிட்டேன்.

வயிற்றுவலியின் பெயர் கழித்தல்.

திங்கட்கிழமை பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்வார்களாம். டீச்சர் ஒரு தாளில் 52 – 27 எழுதிக் கொடுத்தார். கவின் 35 என்று எழுதினான். எப்படி என்று கேட்டதற்கு, ‘இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்தேன், ஐந்து. அப்புறம் ஐந்தில் இரண்டு போனால் மூன்று’ என்றான். அவன் கணக்கில் ஒரு நியாயமும் இருந்தது, பாவம்.

பிறகு டீச்சர் அலமாரியிலிருந்து குச்சிக் கட்டுகளை எடுத்தார். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி. ‘இதிலிருந்து எனக்கு ஏழு உதிரிக் குச்சி கொடு’ என்றார். கவின் இரண்டைக் கொடுத்தான். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ரொம்ப நேரம் ஆனது. நான் வாயைத் திறக்கப் போனேன், டீச்சர் என் கையைத் தொட்டு நிறுத்தினார். பிறகு அவனே ஒரு கட்டை எடுத்து, ‘இதை அவிழ்க்கலாமா?’ என்று கேட்டான்.

அவன் முதல்முதலில் வராத திங்கட்கிழமையில்தான் வகுப்பில் அந்தக் கட்டை அவிழ்த்துக் காட்டியிருக்கிறார்கள். அன்று அவனுக்கு நிஜமான காய்ச்சல். மற்ற ஐந்து நாளும் அதன் பின்னாலேயே வந்தவை.

ஜெனி அம்மா (5:46): படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

வகுப்பு டீச்சர் (6:15): இதில் என் தவறும் உண்டு. மறுநாள் வந்தவனைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். நோட்டில் அடித்துத் திருத்திய எண்தான் இருக்கும், குச்சி இருக்காது. இனி லீவு முடிந்து வருகிற பிள்ளைக்குக் காலையில் பத்து நிமிடம் நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அன்று சீக்கிரம் கொண்டுவந்து விடுங்கள்.

ரியாஸ் அம்மா (6:30): ஞாயிறு ராத்திரி எல்லோரும் நேரத்தோடு தூங்க வையுங்கள். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். சனி, ஞாயிறு பதினொன்று வரை முழித்திருக்கிற பிள்ளை திங்கள் காலையில் கண் திறக்குமா?

நிலா அப்பா (6:31): இது எனக்கென்றே சொன்னது மாதிரி இருக்கிறது.

ரியாஸ் அம்மா (6:31): உங்களுக்கும்தான் அண்ணா. நிலா பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள் என்று ரியாஸ் சொல்கிறான். தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்தால் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள், எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள்.

நிலா அப்பா (6:40): நாளைக்கே கூட்டிப்போகிறேன்.

திங்கட்கிழமை

கவின் அம்மா (காலை 7:50): வயிறு வலிக்கிறது என்றான். ‘சரி, வலிக்கட்டும், வலியோடு மெதுவாக நடந்து போவோம், அதிகமானால் டீச்சர் எனக்குப் போன் செய்வார்’ என்றேன். வாசல்வரை அழுதுகொண்டே வந்தான்.

யாழினி தாத்தா (8:41): நாங்கள் மூவரும் பின்னால்தான் வந்தோம். ஜெனி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய்விட்டான்.

வகுப்பு டீச்சர் (மாலை 4:05): இன்று பலகைக்கு யாரையும் கூப்பிடவில்லை, அவரவர் இடத்திலேயே குச்சி வைத்துப் போட்டார்கள். பலகை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு விஷயம்: எண்ணி வைக்கும்போது ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் காணோம். யார் பையிலாவது இருக்கிறதா பாருங்கள்.

கவின் அம்மா (4:22): கவின் கையில் வளையல் மாதிரி மாட்டியிருக்கிறான் டீச்சர். கழற்றமாட்டேன் என்கிறான். நாளைக்கு வேறு ஒன்று கொடுத்தனுப்பலாமா?