சமையலறையில் கரப்பான், ஸ்பிரே அடித்தும் போகவில்லை. அவசர உதவி!

தென்றல்:
வணக்கம். ராத்திரி தண்ணீர் குடிக்கப் போய் விளக்கைப் போட்டால் மேடை முழுக்க கரப்பான் ஓடுகிறது. ஸ்பிரே அடித்தேன், இரண்டு நாள் காணோம், மறுபடி வந்துவிட்டது. எந்த மருந்து நல்லது? அடுத்த வாரம் விருந்தாளிகள் வருகிறார்கள்.

முத்துச்சிப்பி:
என்ன அளவு, என்ன நிறம்? படம் இருந்தால் போடுங்கள்.

வாசல்படி:
பகலிலும் கண்ணில் படுகிறதா? வீட்டில் சின்னக் குழந்தை, நாய், பூனை உண்டா? அது தெரியாமல் மருந்து சொல்ல முடியாது.

கிணற்றடி:
எதையும் கேட்க வேண்டாம். சிங்க் துளை வழியாகத்தான் வரும். ராத்திரி மூடி வையுங்கள். என் வீட்டில் அதோடு நின்றது.

பழைய ஆள்:
இதற்கு எத்தனை முறை பதில் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. கிணற்றடி சொல்வது அமெரிக்கக் கரப்பான்: சுமார் 4 செ.மீ. நீளம், செம்பழுப்பு, சாக்கடையில் வளர்வது. ஒன்றரை செ.மீ. அளவில், வெளிர்பழுப்பாக, தலையை ஒட்டி இரண்டு கறுப்புக் கோடுகள் இருந்தால் ஜெர்மன் கரப்பான். அது வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். துளையை மூடி என்ன பயன்? முதலில் பூச்சியைப் பாருங்கள்.

தென்றல்:
சின்னதுதான். கோடு இருக்கிறது. ஃப்ரிட்ஜ் பின்னால் நிறைய. பாப்பாவுக்கு 2 வயது.

வாசல்படி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சகோ! ஸ்பிரேயை நிறுத்துங்கள். அது வெளியே ஓடுவதைக் கொல்லும், மற்றவை அடுத்த இடுக்குக்குப் போய்விடும். பெண் பூச்சி 30, 40 முட்டை உள்ள பையை வாலில் சுமந்தே திரியும். அந்தப் பைக்குள் மருந்து இறங்காது. நீங்கள் பார்த்த இரண்டு நாள் அமைதி அதனால்தான் நிலைக்கவில்லை.

கரப்பானுக்கான விஷத்தீனி ஜெல் வாங்குங்கள். ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், அலமாரிக் கீல், அடுப்புக்குப் பின்சுவர், சிங்க்குக்கு அடியில் என்று அரிசி அளவில் நிறைய இடத்தில் புள்ளி வையுங்கள். பாப்பா விரல் போகாத இடுக்காக இருக்கட்டும். ஸ்பிரே பட்ட இடத்தை முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், அந்த வாடை இருந்தால் ஜெல்லைத் தொடாது. தின்றது மறைவிடத்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்று மற்றவையும் சாகும். அதனால் பொறுமை வேண்டும். அப்புறம், ராத்திரி சிங்க்கைத் துடைத்து உலர விடுங்கள். சோறில்லாமல் பல நாள் தாங்கும், தண்ணீர் இல்லாமல் தாங்காது.

கிணற்றடி:
ஜெல் எதற்கு? போரிக் பவுடரில் சர்க்கரை கலந்து வைத்தால் போதும்.

பழைய ஆள்:
சர்க்கரையைக் கண்டால் வரும் என்பது எப்போதும் உண்மையல்ல. சில ஜெர்மன் கரப்பான் கூட்டங்களுக்குக் குளுக்கோஸ் கசக்கும். இனிப்பான விஷத்தீனியில் தப்பிப் பிழைத்தவற்றின் வம்சம் அது. 2013-ல் அதன் நரம்பு வரை ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். படியுங்கள்.

கிணற்றடி:
ஐயா, என் வீட்டுக் கரப்பான் தின்றது, செத்தது. கண்ணால் பார்த்தேன்.

முத்துச்சிப்பி:
உங்கள் வீட்டில் வந்தது சாக்கடைக் கரப்பான் என்றுதானே முடிவானது? அது வேறு இனம் ஆயிற்றே. ஜெர்மன் என்ற பெயரே தவறு என்றும் படித்தேன். 2024-ல் மரபணு ஆய்வு செய்து, சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பக்கம் தோன்றியது என்கிறார்கள்.

பழைய ஆள்:
பெயர் தவறில்லை. 1767-ல் லின்னேயஸ் என்ற உயிரியலாளர் வைத்த பெயர், பிறப்பிடம் மாறினாலும் அதுவே நிற்கும்.

வாசல்படி:
இழை தென்றலுக்காக. குழந்தை தவழும் தரையில் போரிக் பவுடர் வேண்டவே வேண்டாம். ஒட்டுப்பொறி நாலு வைத்து வாரம் ஒருமுறை எண்ணுங்கள், எங்கே கூடு என்று தெரியும். புதிதாகப் பொரிவதற்காக ஜெல்லைத் தீரத் தீர வைக்க வேண்டும்.

தென்றல்:
மூன்று வாரம் ஆயிற்று. பொறியில் முதல் வாரம் 31, இப்போது 4. நன்றி எல்லாருக்கும்.

வாசல்படி:
அந்த நாலும் குஞ்சா, பெரிதா?