ஃபர்லோவில் போனவர்கள் வேலையும் நம் தலையில்தானா?

ஒற்றைக்கணக்கன் (2020 ஜூன் 2, இரவு 11.40)
லண்டனில் ஓட்டல்களுக்கு உணவுப்பொருள் சப்ளை செய்யும் மொத்த வியாபார நிறுவனம். கணக்குப் பிரிவில் மூன்று பேர் இருந்தோம். ஏப்ரல் தொடக்கத்தில் மற்ற இருவரையும் ஃபர்லோவில் (கொரோனா காலத்தில் வேலை செய்யாமல் வீட்டிலிருப்பவர்களின் சம்பளத்தில் 80 சதவீதத்தை அரசு தரும் திட்டம்) அனுப்பிவிட்டார்கள். ‘ஓட்டல்களே மூடிக் கிடக்கின்றன, உனக்கு என்ன பெரிய வேலை’ என்று கேட்கிறார் மேனேஜர். பில் போடுகிற வேலை குறைந்தது உண்மைதான். பாக்கி வசூலிக்கிற வேலை மூன்று மடங்கு ஆகிவிட்டதே! முன்பு ஒரு மின்னஞ்சலுக்குப் பணம் அனுப்பியவர்கள் இப்போது போனையே எடுப்பதில்லை. வாரம் 60 மணி நேரம் ஓடுகிறது. சம்பளம் ஆண்டுக்கு அதே 23,000 பவுண்டுதான். அவர்கள் 80 சதவீதம் வாங்கிக்கொண்டு தோட்டத்தில் தக்காளிச் செடி வைத்துப் படம் போடுகிறார்கள். நான் மட்டும் ஏன் என்று கேட்டால், எனக்குப் பிள்ளை குட்டி இல்லையாம்! இது நியாயமா?

குரொய்டன்வாசி (ஜூன் 3, காலை 6.15)
தம்பி, கோபிக்க வேண்டாம். வேலை இருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள். நான் கடை நடத்துகிறவன். மார்ச் 20ஆம் தேதி நிதியமைச்சர் ரிஷி சுனக் இந்த ஃபர்லோ திட்டத்தை அறிவித்திருக்காவிட்டால் உங்கள் முதலாளி அந்த இருவரையும் ஒரேயடியாக அனுப்பியிருப்பார். அப்போதும் அவர்கள் வேலை உங்களிடம்தான் வந்திருக்கும்.

ஒற்றைக்கணக்கன் (ஜூன் 3, காலை 7.02)
அண்ணை, கடைசியில் எல்லாம் ‘சந்தோஷப்படு’ என்பதில்தான் வந்து நிற்கிறது. நீங்கள் சொன்னபடி ஆட்களைக் குறைத்திருந்தால் கூடுதல் சம்பளமாவது கேட்டிருப்பேன். இப்போது கேட்டால் ‘தற்காலிகம்தானே’ என்கிறார்கள். தற்காலிகம் மூன்றாவது மாதத்துக்கு வந்துவிட்டது.

வீட்டிலிருப்பவள் (ஜூன் 3, காலை 9.30)
அந்தத் தக்காளிச் செடிக்காரி நான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பயண ஏஜென்சி வேலை, ஏப்ரல் 1 முதல் ஃபர்லோ. சம்பளம் 80 சதவீதம் ஆனது, வாடகை 80 சதவீதம் ஆகவில்லை. பள்ளிக்கூடம் மூடியதால் ஒன்பது வயதுப் பையனுக்கு நான்தான் டீச்சர். இதை விடுமுறை என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் வந்து பாருங்கள். அதைவிட, ‘இவள் இல்லாமலே வேலை நடக்கிறதே’ என்று ஆபீசில் கண்டுகொள்வார்களோ என்ற நினைப்பு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நீங்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்கிறீர்களே, அது உங்களோடு வேலை பார்த்த அந்த இருவருக்குத்தான் ஆபத்து. யோசித்தீர்களா?

ஒற்றைக்கணக்கன் (ஜூன் 3, காலை 9.55)
அப்படியென்றால் முடிக்காமல் விட்டு நான் திட்டு வாங்க வேண்டுமா? நல்ல கதை. போன வாரம் ஒரு ஃபைலின் பாஸ்வேர்டு கேட்டு ஒருவருக்குப் போன் செய்தேன். ‘நான் வேலை செய்யக் கூடாது’ என்று வைத்துவிட்டார். நான்கு வருடம் பக்கத்து மேசை!

சம்பளச்சீட்டு (ஜூன் 3, பகல் 1.10)
சம்பளப் பிரிவில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அவர் செய்தது சரி. இப்போதைய விதிப்படி ஃபர்லோவில் இருப்பவர் சொந்த நிறுவனத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. பயிற்சி எடுக்கலாம், அவ்வளவுதான். மீறினால் நிறுவனம் வாங்கிய பணத்தை வரித் துறையான எச்.எம்.ஆர்.சி. திருப்பிக் கேட்கலாம். அவர்மேல் கோபப்படாதீர்கள்.

கோபம் மேனேஜர்மேல் வர வேண்டும். குறைந்தது மூன்று வாரம் என்ற கணக்கில் ஆளை மாற்றி மாற்றி ஃபர்லோவில் அனுப்ப விதியிலேயே இடம் இருந்தது. ஏப்ரலில் ஒருவர், மே மாதம் நீங்கள் என்று சுற்றியிருக்கலாம். செய்யவில்லை, ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை. வாரத்துக்கு 48 மணி நேர வேலைதான் என்ற சட்ட வரம்பு எனக்கு வேண்டாம் என்று வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டீர்களா, பாருங்கள். போட்டிருந்தாலும் திரும்பப் பெறலாம். உங்கள் சம்பளத்தை 60 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 7 பவுண்டு 37 பென்ஸ் வருகிறது. குறைந்தபட்ச ஊதியம் 8.72. சட்டம் கணக்கிடும் முறை வேறு, ஆனால் மேனேஜர் முன்னால் வைக்க இந்த எண் போதும்.

அப்புறம் ஒரு அவசரம். இதுவரை ஃபர்லோவில் போகாதவர்கள் ஜூன் 10க்குள் போக வேண்டும். தவறினால், ஃபர்லோவில் இருந்தபடியே பகுதி நேரம் வேலை செய்யலாம் என்று ஜூலையில் வரும் புதிய ஏற்பாட்டில் உங்களுக்கு இடம் இல்லை. இன்னும் ஒரு வாரம்தான்.

குரொய்டன்வாசி (ஜூன் 3, மாலை 5.40)
சட்டம் எல்லாம் சரி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேலையை ஒப்படைத்து வாங்கிக்கொண்டிருந்தால் சின்ன நிறுவனத்தில் கணக்கு எப்படி ஓடும்? யார் எந்த வாடிக்கையாளரோடு பேசினார் என்று தேடவே ஒரு வாரம் போகும். தம்பிக்கு முதலாளி ஒரு போனஸ் கொடுத்தால் முடிந்தது.

வீட்டிலிருப்பவள் (ஜூன் 3, மாலை 6.05)
போனஸ் கொடுப்பாராம்! நீங்கள் கொடுத்தீர்களா அண்ணா?

குரொய்டன்வாசி (ஜூன் 3, மாலை 6.20)
கடையில் வேலை செய்கிற இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 100 பவுண்டு கொடுத்தேன். அதிகம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

சம்பளச்சீட்டு (ஜூன் 3, இரவு 8.00)
போனஸ் வராவிட்டாலும் விடுமுறை நாட்களை விட்டுவிடாதீர்கள். கொரோனாவால் எடுக்க முடியாமல் போன விடுமுறையில் நான்கு வாரம் வரை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம் என்று மார்ச்சில் விதியை மாற்றினார்கள். எழுத்தில் வாங்குங்கள்.

ஒற்றைக்கணக்கன் (ஜூன் 9, இரவு 10.15)
கேட்டுவிட்டேன். ஃபர்லோ கிடையாதாம், நான் போனால் மாதக் கணக்கு முடிக்க ஆள் இல்லையாம். விடுமுறையை அடுத்த வருடத்துக்குத் தருகிறேன் என்று மெயில் வந்திருக்கிறது. ஜூலை 1 முதல் பகுதி நேரமாகக் கூப்பிட அனுமதி வருகிறதல்லவா, அதில் ஒருவரை வாரம் இரண்டு நாள் வரச் சொல்கிறாராம். எனக்கு அதுவே போதும்.

வீட்டிலிருப்பவள் (ஜூன் 9, இரவு 10.31)
ஒருவரைத்தானா? இன்னொருவருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டீர்களா?

ஒற்றைக்கணக்கன் (ஜூன் 9, இரவு 11.50)
கேட்கவில்லை.