அறுபத்து மூவர் படங்கள்: கண்காட்சிக்கு எந்தத் தாள்?

மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாப் படங்களைக் கண்காட்சிக்கு பிரிண்ட் போட வேண்டும். கோப்பு 6000 × 4000 பிக்சல். 20 × 30 அங்குலத்துக்கு 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி) வருகிறது, அது போதும்.

சிக்கல் நிழலில்தான். பல்லக்கில் நாயன்மார் சிலைகளுக்குச் சாத்தியிருக்கும் கரும்பச்சைப் பட்டு, இருட்டிய பிறகு எடுத்த படங்களில் மொத்தமாகக் கறுத்துவிடுகிறது. திரை வெளிச்சத்தை சதுர மீட்டருக்கு 100 கேண்டெலாவாக இறக்கி, ஒரு பிரிண்ட் லேபின் ஐசிசி புரொஃபைலில் (தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) சாஃப்ட் புரூஃபும், அதாவது பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே, பார்த்தாயிற்று. பளபளப்பில்லாத மேட் தாளில் கறுப்பு வெளிறுகிறது, பளபளக்கும் கிளாஸியில் கூடத்து விளக்கு எதிரொளிக்கிறது.

லஸ்டரா (அரைப் பளபளப்புத் தாள்), பரைட்டாவா (பேரியம் சல்ஃபேட் பூசிய தாள்)? முழு அளவுக்கு முன் 8 அங்குலத் துண்டில் டெஸ்ட் பிரிண்ட் தரும் லேப் சென்னையில் எது? எதிரொளிக்காத கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்பவர்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள்.